இடப்பக்க ஸ்டியரிங்

மார்ச் 3, திங்கள்.
விடியலில் தூறல். வாவிப் பக்கம் முழுக்கப் பனி.

முதலில் ஒரு திருத்தம். மகன் வேண்டாமென்று தள்ளிவிட்ட காரை நான் கப்பலேற்றிக் கொண்டுவந்தேன் என்று கடைத்தெருவில் பேச்சு. தவறு. மேற்கு ஜெர்மனியில் அவனோடு இருந்தபோது நான் ஓட்டப் பழகிய கார். நானாகக் கேட்டேன். தர அவனுக்கு மனமில்லை. தந்தான்.

"வயசான காலத்துல பவுசு" என்பதும் தவறு. இடது மணிக்கட்டு. குளியலறையில் விழுந்து முறிந்தது, சரியாகப் பொருந்தவில்லை. இந்த நாட்டுக் கார்களில் கியர் இடக்கைக்கு வரும். என்னால் இழுக்க முடியாது. இதில் ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. விஷயம் அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. நீளக்கை இரவிக்கை எதற்கு இருக்கிறது? அனுதாபம் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

பிற்பகல் லொறியிலிருந்து இறக்கினார்கள். வெளிர் நீலம்! கப்பலில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னலால் எத்தனை தரம் பார்த்தேனோ. சோறு இறங்கவில்லை. கீரை வீண்.

மார்ச் 4, செவ்வாய்.
வெயில். பால்காரன் மறுபடி தண்ணீர் கலந்திருக்கிறான்.

அலவத்துகொடயிலிருந்து மெக்கானிக் பாறூக் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"அம்மா, சாமான் தங்கம். ஆனா இப்பிடியே ரோட்டுல உட மாட்டாங்க. இங்க ஸ்டியரிங் வலப்பக்கம் இரிக்கணும். நான் மாத்தித் தாரேன்."

"மாற்ற வேண்டாம்."

"என்னத்துக்கு வேணாம்?"

"எனக்கு இப்படித்தான் வேண்டும்."

தலையைச் சொறிந்தார். விசேஷ அனுமதி என்று ஒன்று இருக்கிறதாம். முதலில் கட்டுகஸ்தோட்டையில் வாகனப் பரிசோதனை. அங்கே கொண்டுபோக மட்டும் ஒரு அனுமதித் துண்டு தருவார்கள், வாங்கி வருகிறேன் என்றார். ஸ்டியரிங்கை மாற்றினால் கியர் இடக்கைக்குப் போய்விடும். பிறகு கார் முற்றத்தில், நான் கதிரையில். தெல்தெனியவில் படுத்திருக்கும் அக்காவைப் பார்க்க மறுபடி ஒவ்வொருவரிடமும் கேட்டு நிற்க வேண்டும்.

செய்ய: டயருக்குக் காற்று. எலுமிச்சம்பழம். என் லைசன் எங்கே? (அலுமாரி, மேல்தட்டு.) பின்னால் மாட்ட அறிவிப்புப் பலகை, மூன்று மொழியிலும், எழுத்துப் பிழை இல்லாமல்.

மார்ச் 6, வியாழன்.
பளிச்சென்ற வானம். பரிசோதனை நாள். எழுதியே ஆக வேண்டும்.

காலையில் பிள்ளையார் கோயில். கொழுந்தனார் சுந்தரம் வெள்ளை வேட்டியில் துணைக்கு வந்தார். துணிக்கடையில் உட்கார்ந்து "பவுசு" கதையைப் பரப்பியவர் அவரே.

"பொம்பள ஓட்ட நான் பக்கத்துல உக்காரணுமா, அண்ணி?"

"பின்சீட் இருக்கிறது."

சற்று யோசித்தார். பிறகு முன்னால், வலப்பக்கம் ஏறிக்கொண்டார். ஐயர் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, "மெதுவா எடுங்க சார்" என்றார், அவரைப் பார்த்து. அவரும் தலையாட்டினார்! நான் எடுத்தேன். ஐயர் ஒரே தாவல்.

டவுனுக்குள் வந்தபோதுதான் புரிந்தது. வெளியே நிற்பவர்களுக்கு வலப்பக்கம் இருப்பவர்தானே டிரைவர். கொழுந்தனார் கடைகடையாகக் கைகாட்டிக்கொண்டே வந்தார்.

மஹய்யாவவில் வெற்றிலைச் சரையை இரண்டு கையாலும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் பார்த்துவிட்டார். விசில். நிறுத்தினேன். ஓடிவந்தவர் நேரே அவரிடம், சிங்களத்தில்.

"மஹத்தயா, லைசன்!"

வெற்றிலையை நீட்டினார் மனிதர். "நான் இல்ல, நான் இல்ல! அண்ணி! அண்ணி!"

பொலிஸ்காரர் குனிந்தார். மறுபக்கம் நான். துண்டையும் லைசனையும் கொடுத்தேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. குழாயடியில் நின்ற பெண்கள்:

"அடியே, அந்தம்மாதான்டி ஓட்டுறாங்க!"

"அப்ப ஐயா?"

"ஐயா சும்மா பொம்மை மாதிரி!"

கைதட்டினார்கள். நான் கழுத்தைத் திருப்பவில்லை. கட்டுகஸ்தோட்டை வரை உள்ளே ஒரே துள்ளல்.

பரிசோதனை அதிகாரி கண்டிப்பானவர். பிடித்தது. பிரேக் சரி. முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நியாயம், ஒப்புக்கொண்டேன். பின்சீட்டில் ஏறி, ஓட்டிக் காட்டச் சொன்னார். முன்னால் ஒரு பஸ். இடப்பக்கமிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது. கொழுந்தனார் தலையை வெளியே நீட்டினார். "பொறுங்க அண்ணி, லொறி வருது... ம்ம்... இப்ப போங்க!" போனேன். எவ்வளவு சுகம்!

இறங்கியதும் அதிகாரி சிங்களத்தில் சொன்னார்: "நோனா நன்றாக ஓட்டுகிறீர்கள். ஆனால் ஆசைக்காக அனுமதி கிடையாது. காரணம் வேண்டும். ஆணையாளருக்கு எழுதுங்கள். காரணம் இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை மாற்றத்தான் வேண்டும்."

இரவிக்கைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். காரில் ஏறியபின் கொழுந்தனார் மெல்ல:

"அந்தக் கைய எழுதுங்க அண்ணி."

"எந்தக் கை?"

"முந்தியெல்லாம் தேத்தண்ணி குடிச்சா சோசர இடக்கையில ஏந்துவீங்க, கொன்வென்ட்ல பழக்கின மாதிரி. இப்ப மேசையில வச்சிட்டுத்தானே குடிக்கிறீங்க. எனக்குக் கண்ணில்லையா?"

"தெரிந்துகொண்டா கடையில் பவுசு என்று சொன்னீர்கள்?"

"கேக்கிறவங்ககிட்ட பின்ன என்ன சொல்ல? அண்ணிக்குக் கை ஏலாதுன்னா? பவுசுன்னா நீங்க தாங்குவீங்க."

கியரைப் போட்டேன். வீடு வரும்வரை அவர் யாருக்கும் கைகாட்டவில்லை.

மார்ச் 7, வெள்ளி.
காற்று. காரைக் கழுவினேன், வலக்கையால். பாறூக் விளக்கை மாற்றிவிட்டார். வைத்தியரிடம் சான்று வாங்கியாயிற்று. காரில் வருவேன் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பவில்லை, இன்னும்.

ஆணையாளருக்கு. நான்கு தடவை கிழித்து எழுதியதன் பிரதி:

ஐயா, என் இடது மணிக்கட்டு முறிந்து சரிவரப் பொருந்தவில்லை. அந்தக் கையால் கியர் மாற்ற என்னால் இயலாது. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள கார் ஒன்றையே என்னால் ஓட்ட முடியும். நான் நன்றாக ஓட்டுவேன். உங்கள் அதிகாரி பார்த்திருக்கிறார். முந்திச் செல்லும்போது வலப்பக்கம் பார்த்துச் சொல்ல என் கொழுந்தனார் உடன் வருவார். அனுமதி உண்டா, இல்லையா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறியத் தரவும்.