தெரு நடுவே பெஞ்சு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

காலையில் எதிர்வீட்டுக் குமுதா அக்கா, தறியில் ஏற்றுமுன் கஞ்சி போட வேண்டிய பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டப் பார்த்தாள். முடியவில்லை. நடுத்தெருவில் வரிசையாகப் புது சிமெண்டு பெஞ்சுகளும் மரக்கன்றுகளும் நிற்கின்றன. ஊர்க்காரர்களே பங்கு போட்டு ஊரைச் சீர்செய்யும் எங்கள் நிதியின் முதல் வேலை இது. வீடு வீடாகப் போய்ப் பங்கு சேர்த்தவள் நான். அக்காவும் ஒரு பங்குக்காரி.

திட்டம் போட வந்த சென்னைப் பெண் சாயங்காலத்தில்தான் தெருவைப் பார்த்தாள். “இந்த இடம் சும்மாதானே இருக்கு?” என்றாள். ஆமாம் என்றேன். காலையில் பாவு நீட்டத்தான் சும்மா விட்டிருக்கிறோம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நிழல், பெஞ்சு என்றதும் மயங்கிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். சுருட்டிய பாவு நூலை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பொண்ணு வெளியூரும்மா, அதுக்கு இன்னா தெரியும். நீ இந்தத் தெருவுல தானே பொறந்த?”

நாளை அந்தப் பெண் படம் எடுக்க வருகிறாள். பெஞ்சில் நம் தெரு ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். ஆள் தேட வேண்டியதில்லை. குமுதா அக்காவுக்கு நாளைக்கும் வேலை இருக்காது.