உள்ளங்கையில் ஒரு சிவப்புக் கோடு

அண்ணி,

இன்று காலை உங்கள் சைக்கிள் வண்டியைப் பார்க்க ஓர் இளைஞன் வந்தான். மதுரைக்காரன், அமீர்பேட்டில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறானாம். வண்டியை ஒரு கையால் தூக்கினான், இறக்கினான், நம்பாமல் மறுபடியும் தூக்கினான். பிறகு குனிந்து, முன் சக்கரத்தின் நடுவே இருந்த லீவரைத் தொட்டுவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான்.

"என்னக்கா இது? வண்டி பூராம் பஞ்சு மாதிரி இருக்கு. ஸ்கியூவரை மட்டும் கடப்பாரை கணக்கா மாட்டி வச்சிருக்கீங்க?"

தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றேன். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வண்டி வாங்க வந்தவனிடம் அதை எங்கே தொடங்குவது? அதனால் உங்களிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கியூவர் என்றால் என்ன என்பது அண்ணனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. சக்கர அச்சின் உள்ளே நுழைந்து நிற்கும் ஒரு கம்பி. ஒரு முனையில் நட், மறு முனையில் விரல் நீள லீவர். லீவரை மடக்கினால் சக்கரம் வண்டியோடு பூட்டிக்கொள்ளும். திறந்தால் ஸ்பேனர் இல்லாமலே கழன்று வரும். நீங்கள் நாள் கணக்கில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தபோது எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று அண்ணன் எங்கள் ஊர் உருது கலந்து கேட்டது நினைவிருக்கிறதா? "கைக்கு இவ்ளோ ஹங்காமா? கபாப் குத்தற கம்பிதானே அது?" நீங்கள் சிரித்த சிரிப்பில் மடிக்கணினி கீழே விழப் பார்த்தது.

கோபிப் பக்கத்திலிருந்து நீங்கள் திருமுல்கேரிக்கு மருமகளாக வந்தபோது இரண்டு பெட்டிகளோடு ஒரு சைக்கிளும் வந்திறங்கியது. எங்கள் தெருவில் பல நாள் அதுதான் பேச்சு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் கிடக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் தமிழைக் கேட்டு முதல் வாரம் நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் "நக்கோ அண்ணி" என்றால், கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "நக்கோன்னா வேண்டாங்கறியா, போதுங்கறியா? வெவரமாச் சொல்லு அம்மிணி" என்பீர்கள். உங்கள் பேச்சில் எனக்குப் பெயரே இல்லை. கடைசிவரை அம்மிணிதான்; கோபம் வந்தால் மட்டும் கொக்கு. நான் வளர்ந்துவிட்ட உயரம் அப்படி.

என்னையும் ஒரு பழைய வண்டி வாங்க வைத்தீர்கள். ஞாயிறு விடியலில் அல்வால் தாண்டி ஷாமீர்பேட் ஏரிவரை போவோம். அங்கே மிர்ச்சி பஜ்ஜி தின்றுவிட்டு, உடம்பைக் குறைக்கப் போனவர்கள் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். அண்ணன் அதுவரை தூங்கிக்கொண்டிருப்பான்.

கிளம்பும் முன் கீழே பார்க்கிங்கில் ஒரு சடங்கு உண்டு. இருவரும் அவரவர் லீவர்களைத் திறந்து, மறுபடி இறுக்கி மூடுவோம். பிறகு நீங்கள், "கை காட்டு" என்பீர்கள். லீவரை எவ்வளவு இறுக்கமாக மூட வேண்டும் என்பதற்குச் சைக்கிள்காரர்களிடம் ஒரே அளவுதான்: மூடி முடித்தவுடன் உள்ளங்கையில் அதன் தடம் சிவப்பாக விழுந்திருக்க வேண்டும். நான் உப்பல் பகுதியில் போல்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை பார்க்கிறவள். போல்ட்டை இயந்திரத்தில் மாட்டி, அறுந்து போகும்வரை இழுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கையில் விழும் கோடெல்லாம் ஓர் அளவா என்று முதலில் கேலி செய்தேன். ஆனால் மருதாணி சிவந்ததா என்று பார்ப்பது போல உங்கள் கையை நானும் என் கையை நீங்களும் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு தடவை உங்கள் சக்கரத்தை நானே பூட்டித் தர வந்தேன். தட்டிவிட்டீர்கள்.

"என்ற சக்கரத்த நாந்தான் பூட்டோணும். அடுத்தவங்க பூட்டுன சக்கரத்துல எறக்கத்துல போனா எனக்கு மனசு நிக்காது."

முதலில் போனது உங்கள் இடது கைக் கட்டைவிரல். ஜாடி மூடி திறக்கவில்லை, சட்டைப் பொத்தான் நுழையவில்லை. எங்கெங்கோ காட்டினோம். கடைசியில் ஒரு மருத்துவர் சொன்னார்: தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்துவதற்கு மருந்து இல்லை. அண்ணன் அந்த அறையிலேயே அழுதுவிட்டான். நீங்கள் ஆட்டோவில் வரும்போது என்னிடம் கேட்டீர்கள்.

"என்ற வண்டி எத்தன கிலோ இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை.

"பலத்தக் கூட்ட முடியாதுன்னு சொல்லிப்போட்டாரல்ல. செரி. எடையக் கொறச்சுக்கலாமல்ல?"

அதன்பிறகு வீடே ஒரு பட்டறையானது. சீட், சீட்டைத் தாங்கும் குழாய், டயர், தண்ணீர் பாட்டில் கூடு, கைப்பிடியில் சுற்றும் நாடா வரை எல்லாம் மாறியது. கழற்றியதையும் வந்ததையும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்ப்போம். மாவு நிறுக்கும் தட்டில் கிரீஸ் என்று அண்ணன் முனகுவான், பிறகு அவனே வந்து, "எவ்ளோ கம்மியாச்சு?" என்று கேட்பான். விரல் வைத்தாலே பிடிக்கும்படி பிரேக்கை மாற்றினோம். வண்டி இலேசாகிக்கொண்டே போனது. நீங்களும் இலேசாகிக்கொண்டே போனீர்கள்.

குறைப்பதற்கு மிஞ்சியிருந்தது ஸ்கியூவர்கள்தான். டைட்டானியத்தில் ஒரு ஜோடி கண்டுபிடித்தீர்கள். பழையதைவிட ஓர் எலுமிச்சம்பழ எடை மிச்சமாகும் என்றீர்கள். அத்தனை இலேசான ஸ்கியூவரில் லீவர் சின்னது. அதை இறுக்கும் பொறி வெளியே திறந்து கிடக்கும். சக்கரம் பிடிக்க வேண்டுமானால் கை நன்றாக அழுத்தியாக வேண்டும். கனமான எஃகு ஸ்கியூவரில் பொறி ஒரு கூட்டுக்குள் எண்ணெயோடு இருக்கும், லீவரும் நீளம், கொஞ்சம் அழுத்தினாலே கவ்விக்கொள்ளும். பலம் குறையக் குறைய உங்களுக்கு வண்டி இலேசாக வேண்டியிருந்தது. அதே பலம் குறையக் குறைய ஸ்கியூவர் கனமாக வேண்டியிருந்தது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வதென்று நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே பார்சல் வந்து சேர்ந்தது.

கூடத்தில் உட்கார்ந்து மாட்டினீர்கள். வலது கையால் மூடினீர்கள். முழங்காலை முட்டுக் கொடுத்து மூடினீர்கள். கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். வெளுத்துக் கிடந்தது.

"கேவலம், ஒரு எலுமிச்சம்பழம்," என்றீர்கள். "அதக்கூட எனக்குக் குடுக்க மாட்டேங்குது பாரு."

மறுவாரம் நான் பழையதைவிடக் கனமான எஃகு ஸ்கியூவர்களை வாங்கி வந்து உங்கள் முன் வைத்தேன். அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் உங்களிடம் பார்த்ததில்லை. "கல்லக் கட்டி உடறியா கொக்கு? இத்தன நாள் கொறச்சதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டீர்கள். மாலையில் நீங்களாகவே வந்து மாட்டினீர்கள். மூடினீர்கள். வெளிர் சிவப்பில் ஒரு கோடு விழுந்தது. என்னிடம் கையைக் காட்டும்போது உங்கள் முகத்தில் தோற்றவர் சிரிப்பு இருந்தது.

அந்த எஃகு ஸ்கியூவர்களில் ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் ஓட்டினீர்கள். ஷாமீர்பேட் அல்வாலாகச் சுருங்கியது. அல்வால் போய், ராணுவக் குடியிருப்பை ஒட்டிய மரத்தடிச் சாலையில் ஒரு சுற்று என்றானது. அந்த ஒரு சுற்றுக்காக வாரம் முழுவதும் காத்திருந்தீர்கள்.

பிறகு அந்த ஞாயிறு. நான் கீழே வருவதற்குள் நீங்கள் தயாராக நின்றிருந்தீர்கள். கேட்காமலே கையை நீட்டினீர்கள். கோடு அழுத்தமாக, நேராக விழுந்திருந்தது. எனக்கு ஒரு கணம் சந்தோஷம் பொங்கிவிட்டது, அண்ணி. நரம்பு திரும்பிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் கோட்டில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். உங்கள் பின்னால் இருந்த தூண் போன மாதம் வெள்ளையடித்தது. அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, உடம்புப் பாரத்தையெல்லாம் அதன்மேல் சாய்த்துக் கோட்டை விழ வைத்திருக்கிறீர்கள்.

குனிந்து லீவரை ஒரு விரலால் தொட்டேன். தானாகத் திறந்துகொண்டது.

"இந்த ஒரு வாரம் மட்டும் உட்டுரு அம்மிணி."

"நக்கோ அண்ணி."

இந்த முறை நக்கோவுக்கு நீங்கள் அர்த்தம் கேட்கவில்லை.

நானே மூடினேன். இரண்டு சக்கரத்தையும் மூடினேன். "இப்ப போலாம், நான் பூட்டிட்டேன்" என்று என் கையைக் காட்டினேன். நீங்கள் என் கையைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"நல்லா விழுந்திருக்குது," என்றீர்கள். "ஆனா அது உன்ற கை."

பிறகு, "செரி, மேல போலாம்" என்று லிஃப்ட் பக்கம் நடந்தீர்கள். அதற்கப்புறம் நீங்கள் வண்டியில் ஏறவில்லை.

அந்தச் சக்கரத்தோடு போயிருந்தால் முதல் வேகத்தடையில் கழன்றிருக்கும். அது எனக்குத் தெரியும். இழுவையும் பிடிப்பும் என் தொழில். நான் செய்தது சரி. சரியாகச் செய்ததில் இம்மியளவு ஆறுதலாவது இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. எந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பாற்றினேன்? அதைவிடப் பெரியது வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கையை முடித்துவிட்டுக் காலுக்கும், காலை முடித்துவிட்டுக் குரலுக்கும் வந்தது. ஞாயிறுகளில் நான் தனியாகப் போகும்போது உங்கள் கட்டிலருகே வந்து கையைக் காட்டிவிட்டுப் போவேன். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பீர்கள். கோடு வெளிறாமல் இருக்க மாடிப்படியில் ஓடி வருவேன். நீங்கள் போன பிறகு வந்த உறவுகள் எல்லாம், "விடுதலை கிடைச்சிடுச்சு" என்றார்கள். சொன்ன ஒவ்வொரு வாயையும் மூட வேண்டும் போலிருந்தது. உங்களுக்கு விடுதலை வேண்டியிருக்கவில்லை. ஒரு சுற்று வேண்டியிருந்தது.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொன்னது அண்ணன். கூடத்தில் அதைத் தாண்டிப் போக அவனால் முடியவில்லை. நானே வைத்துக்கொள்ளலாம் என்றால், உங்கள் உயரத்துக்கு எடுத்த வண்டியில் என் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது. கொக்குக்கு எப்படிப் பொருந்தும்?

தண்ணீரோடு கூடத்துக்குத் திரும்பியபோது அந்த இளைஞன் இன்னும் லீவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அலமாரியிலிருந்து டைட்டானிய ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். "இதுதான் இந்த வண்டிக்கு வாங்கினது" என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. எஃகைக் கழற்றி ஓரமாக வைத்தான். புதியதை நுழைத்தான், நட்டைத் திருகினான், பேச்சை நிறுத்தாமலே லீவரை மூடினான். இரண்டாவதையும் மூடினான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

"கை காட்டு," என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது, அண்ணி.

அவன் விழித்தான். பிறகு, பெரியவர்கள் கேட்டால் நீட்டுவது போல உள்ளங்கையை நீட்டினான். நடுவில் சிவப்பாக, அழகாக ஒரு கோடு. அவன் அதற்காக எதுவுமே செய்யவில்லை. அது என்னவென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நல்லா விழுந்திருக்கு," என்றேன். வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனான். அண்ணன் அறைக் கதவைத் திறக்கவே இல்லை.

எஃகு ஸ்கியூவர்கள் என் கைப்பையில் இருக்கின்றன. உப்பலுக்கு வேலைக்குப் போகும்போதும் இனி அங்கேதான் இருக்கும். வேறு எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை. அவன் போனதும் ஒன்றை எடுத்து, நட்டைத் திருகி, லீவரை மூடினேன். நடுவில் சக்கரம் இல்லாததால் அது எதிர்க்கவே இல்லை, சும்மா மடங்கிக்கொண்டது. மறுபடி திறந்து, என் பலத்தையெல்லாம் போட்டு மூடினேன்.

கையை விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, அண்ணி.