வெள்ளிக்கிழமை மதியம் எடுத்த அளவு

மேல்விஷாரம்,
புதன்கிழமை.

அன்புள்ள வசந்துக்கு (வழக்கத்தை விட முடியாமல்தான் இந்த 'அன்புள்ள'),

ஜஹீருன்னிசா மின்னஞ்சலில் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுத முடியவில்லை. நீ நலமென்று உன் புகைப்படங்களே சொல்கின்றன. ஹாலந்துப் பனியில் நின்று பல்லைக் காட்ட நேரமிருக்கிறது, என் போனை எடுக்கத்தான் நேரமில்லை.

உன் கட்டுரையைப் படித்தேன். தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் குழாயில் கொந்தளித்து ஓடும்போது அதிலுள்ள சூடும், விஷவாயுவைக் கிளப்பும் சல்ஃபைடும் எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்குப் போட்டு, சிவப்பும் நீலமுமாகப் படம் வைத்திருக்கிறாய். காலண்டர் அடிக்கலாம், அவ்வளவு அழகு. பம்ப் அறைக்கு வருவதற்குள் விஷவாயு பயமில்லாத அளவுக்குக் குறைந்துவிடுமாம். அதைக் காட்டித்தான் அங்கே எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டாம் என்று கழிவுநீர் நிலைய நிர்வாகம் முடிவு செய்தது.

குழாய்த் தண்ணீரை நீ எப்போது அளந்தாய்? எங்கள் வீட்டில் பிரியாணி என்று வெள்ளிக்கிழமை பார்த்து வந்தாய். ஜும்மா தொழுகைக்காகத் தோல் சுழலும் டிரம்கள் எல்லாம் நின்றிருந்த நேரம். தரை கழுவின தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் டிரம்மைத் திறப்பார்கள். சாயப் பட்டறைச் சுடுநீர், சுண்ணாம்புத் தண்ணீர், அமிலத் தண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்து விழும். வாயு கிளம்புவதே அப்போதுதான். அதற்குள் நீ ஏப்பம் விட்டு பஸ் ஏறிவிட்டாய். நாள் முழுவதும் அதே தண்ணீர் ஓடுவதாகக் கணினிக்கும் சொல்லிவிட்டாய். வெளியூர்க்காரன் செய்தால் மன்னிக்கலாம். இதே மாதிரித் தோல் ஊரான ஆம்பூரில் பிறந்தவனுக்கு வெள்ளிக்கிழமை தெரியாதா? வெட்கமாக இல்லை?

போன வெள்ளி, பம்ப் அறையில் வேலை பார்க்கும் என் அண்ணன் வாஹித் பாஷா மயங்கி விழுந்தார். உன் கணக்குப்படி அங்கே வாயு கிடையாது, அதனால் சர்க்கரை மயக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். அவருக்குச் சர்க்கரையே இல்லை.

இதைவிடக் கொடுமை, அண்ணனே உன்னை நம்புகிறார். வேலைக்குப் போகாதீர்கள் என்று அழுது பார்த்தேன். "வசந்த் நம்ம தோஸ்த்து. அவன் கணக்கு போட்டா கம்மி ஜாஸ்தி இருக்காது. அவன் ஃபாரின் போய்ட்டான்னு உனக்கு பேஜார்" என்கிறார், இருமிக்கொண்டே.

நிர்வாகத்துக்கு நானே எழுதிவிட்டேன், பதில் இல்லை. உன் கட்டுரையை நீயே வைத்துக் கொண்டாடு. நாளை மறுநாள் ஜும்மா முடிந்ததும் அண்ணன் நேராக அந்த அறைக்குப் போவார். அதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, நான் போட்ட கணக்கு தப்பு" என்று சொல். நான் சொன்னால் கேட்க மாட்டார், நீ சொன்னால் கேட்பார். அந்த நம்பிக்கைக்கு நீ லாயக்கில்லை என்று இதுவரை அவரிடம் நான் சொன்னதில்லை.

அல்லாஹ் உனக்குப் பேரும் பட்டமும் வேண்டிய அளவு தரட்டும். எனக்கு அண்ணனை மட்டும் விட்டுவைக்கட்டும்.

ஜஹீருன்னிசா