மாமியாரின் நூற்றுச்சொச்சம் தோழிகள்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். காலையிலேயே சமையலறைச் சுவர் சுடுகிறது. தண்ணீர் லாரி வரவில்லை.

ஊசி ஆயிற்று, இடது இடுப்பு. அடையாறு கிளினிக்கில் கருவை உள்ளே வைத்தாகிவிட்டது. தங்கியதா என்று அடுத்த வெள்ளி ரத்தப் பரிசோதனை. அதுவரை தினம் ஒன்று.

மாமியார் (இனி மா., முழுதாக எழுத அலுப்பு) விடிந்ததிலிருந்து ஃபோனும் கையுமாக. ‘மனம் திறந்து’ என்று ஒரு குரூப். நூற்றுச்சொச்சம் பெண்கள். பெரும்பாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அடையாறு ஜயந்தி என்றொருத்தி தினமும் ரோஜாப் படத்துக்குக் கீழே ஒரு கேள்வி போடுவாள். எல்லோரும் பதில் எழுத வேண்டும். மா. தன் பதில்களை எனக்கு உரக்க வாசித்துக் காட்டுகிறாள். நான் கேட்கவில்லை.

பிடித்த நிறம்: மாம்பழ மஞ்சள். (வீட்டில் அந்த நிறத்தில் ஒரு கரித்துணி கூடக் கிடையாது.)
பிடித்த டிபன்: சேவை. (பிழிவது நான்.)
பயம்: பல்லி, தனிமை.

தனிமையாம். அவள், அவள் பிள்ளை ரகு, நான்: மூன்று பேர், ஒரே குளியலறை.

காஸ் பதிவு செய்ய வேண்டும். மறந்தேன்.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். தி. நகர் ஆபீஸில் ஏ.சி. பழுது. ஒரு மூலநோய், ஒரு கண்புரை, ஒரு மாரடைப்பு: மூன்று கோப்பும் முடித்தேன். ஊரார் வியாதிகளைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். காப்பீட்டு கம்பெனி அதற்குத்தான் சம்பளம் தருகிறது.

வீட்டில் மா. ஃபோனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சும்மா?”

“ஒண்ணுமில்லை. எல்லாரும் எவ்வளவு பிரியமா எழுதறா தெரியுமோ.”

எதைப் பற்றி என்று கேட்கவில்லை. யாருக்கோ சர்க்கரை குறைந்திருக்கும்.

ஜூன் 7, சனி

இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

காலை, மாட வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பச்சைப் புடவை கட்டிய மாமி ஒருத்தி, கையில் முருங்கைக்கீரை, என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

“நீங்க பத்மா மாமி மாட்டுப்பொண்ணு வித்யாதானே? ஃபோட்டோல இன்னும் ஒல்லியா இருந்தேள்.”

“நீங்க?”

“நான் குரூப்ல இருக்கேன். ஊசி போட்டுண்ட இடம் கட்டியா வீங்கிண்டிருக்காமே. மாமி எழுதியிருந்தா. உங்களுக்காக ஆளுக்கொரு நாள் ஸ்லோகம் சொல்றோம். எனக்கு வியாழக்கிழமை.”

கத்திரிக்காயைக் கையில் வைத்தபடி நின்றேன். அவள் விடவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள். அது இன்னும் மோசம்.

“கவலைப்படாதேங்கோ. என் நாத்தனார் பொண்ணுக்கும் கர்ப்பப்பையிலதான் கோளாறு. இப்போ ரெண்டு குழந்தை.”

காய்க்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள். “இன்னாம்மா, ஊசி போட்டுக்கினு இருக்கியா? சொல்லக்கூடாதா? நீ குனியாத, நானே பொறுக்கிப் போட்றேன்.”

ஆக மயிலாப்பூரில் இனி தெரிய வேண்டியது கோபுரத்துப் புறாக்களுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து ஃபோனை வாங்கிப் பார்த்தேன். ஜயந்தியின் கேள்வி: ‘உங்கள் வீட்டில் எல்லோரும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?’ மற்றவர்கள் விசா, மாடி கட்டும் அனுமதி, மகனின் கல்யாணம் என்று எழுதியிருக்கிறார்கள். மா. என் கருப்பையை எழுதியிருக்கிறாள். எந்த நாளில் வைத்தார்கள், எந்தப் பக்கம் வலி, எல்லாம். கூடவே யாருடைய கல்யாணத்திலோ நான் நீலப் புடவையில் நிற்கிற படம். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

“எதுக்கு எழுதினேள்?”

“கேள்வி வந்துது. எழுதினேன். உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை இல்லையே. பொறுமைசாலின்னு எழுதியிருக்கேன், பாரு.”

“என் உடம்பும்மா அது.”

“எனக்கு மட்டும் கவலை இருக்காதா? நான் யார்கிட்ட சொல்லிக்கறது? நீ வாயைத் திறந்து என்னோட பேசறதே இல்லை.”

அந்தப் ‘பொறுமைசாலி’தான் என்னைக் கிளப்பிவிட்டது. “ஊசி எனக்கு. குறை உங்க பிள்ளைக்கு. அதையும் எழுதுங்கோ,” என்றேன்.

அவளுக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லாதே, முக்கியமாக அம்மாவுக்கு, என்று ரகு கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாகச் சொல்லவில்லை. அவன் சாம்பிளைக் கூட வீட்டிலிருந்து டப்பாவில் நான்தான் கொண்டுபோனேன்.

“டாக்டரே சொன்னாரா?”

“ரெண்டு டாக்டர்.”

உள்ளே போய், இன்னும் விசிலே வராத குக்கரை அணைத்தாள். மத்தியானம் அரைவேக்காட்டுச் சாதம்.

மாலை ரகுவிடம் குரூப் விஷயத்தைச் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததைச் சொல்லவில்லை. டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், “அம்மா பொழுதுபோகாம ஏதோ எழுதறா. முகம் தெரியாதவா. விடேன்,” என்றான்.

இவனோடு ஏழு வருடம்.

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

மா. என்னோடு பேசுவதில்லை. வெந்நீர்ப் பையை மட்டும் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். சூடு போதவில்லை.

பஸ்ஸில் முன் ஸீட்டில் இரண்டு பையன்கள்.

“மச்சி, நான் காலைல போட்ட ஸ்டேட்டஸ் பாத்தியா?”

“இன்னா போட்ட?”

“தோசை துன்னேன்னு.”

“பாத்தேன், பாத்தேன். செமையா கீது.”

இருவருக்கும் பரம திருப்தி. இந்தத் தேசத்துக்குத் தோசை தின்னத் தெரியும், தின்றுவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது.

டெய்லரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். ஊசி போட்ட இடத்தை இறுக்காத பாவாடை ஒன்றும். காஸ் பதிவு செய்தேன்.

ஜூன் 13, வெள்ளி

காலை ரத்தம் கொடுத்துவிட்டு நேராக ஆபீஸ். மூன்று மணிக்கு ஃபோன். நர்ஸ், நல்ல குரல்: “நெகட்டிவ் மேடம். ஊசி நிறுத்திடலாம்.”

நன்றி சொன்னேன். எதற்கு என்று தெரியவில்லை.

கையிலிருந்த கோப்பை முடித்தேன். அழவில்லை. லிஃப்டில் கொஞ்சம். வேண்டுமென்றே ரங்கநாதன் தெரு வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்த நெரிசலில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஊரிலேயே மரியாதையான தெரு அதுதான்.

ரகுவுக்கு ஃபோனில் சொன்னேன். “சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்,” என்றான். ஏதோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

மா.விடம் சொல்லவில்லை. மிச்ச ஊசிகளைக் குப்பையில் போட்டேன். பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் விளக்கேற்றினாள்.

ஜூன் 14, சனி

துணி ஊறவைத்திருந்தேன். சமையலறையில் மா. ஃபோனைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரூப்பில் ‘என்ன ஆச்சு, என்ன ஆச்சு’ என்று குடைந்திருப்பார்கள் போல. ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாள். அதற்கு ஜயந்தியின் குரல் பதில், தேனில் தோய்த்தது:

“பத்மா, மனசு விட்டுடாதேங்கோ. பொண்ணை வேற நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கோ. இந்தக் காலத்துப் பொண்கள் வேலை வேலைன்னு அலையறா. கர்ப்பப்பை எப்படித் தாங்கும், சொல்லுங்கோ.”

நடையில் அப்படியே நின்றேன். நான் நிற்பது மா.வுக்குத் தெரியாது. ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு, கடையில் கணக்குத் தவறைச் சொல்கிற குரலில் பேசினாள்:

“ஜயந்தி, வித்யா கர்ப்பப்பைக்கு ஒண்ணுமில்லை. குறை என் பிள்ளை ரகுராமன்கிட்ட. ரெண்டு டாக்டர் சொல்லியாச்சு. அவன் பேர் கெடக்கூடாதுன்னு இவ ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம ஊசி குத்திண்டா. இனிமே அவளைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கப்படாது. அப்பறம், இன்னிக்குக் கேள்விக்குப் பதில். எனக்குப் புடிச்ச பழம் சப்போட்டா.”

அனுப்பிவிட்டாள்.

வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் போவதில்லை. அரைமணி கழித்துப் போனால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் பூரிப்பு. என்னைப் பார்த்து, “காப்பி கலக்கட்டுமா?” என்றாள். கலக்கச் சொன்னேன். இத்தனை நாளில் முதல் பேச்சு.

ஜூன் 15, ஞாயிறு

லேசாகத் தூறல், மண் கூட நனையவில்லை.

ரகுவின் பெரியப்பா பெண் ஃபோன் செய்திருக்கிறாள். அவள் மாமியாரும் குரூப்பில். “தைரியமா இரு,” என்றாளாம். இட்லியைத் தட்டோடு தள்ளிவிட்டு எழுந்தான்.

“ஊர் பூரா என் மானத்தை வாங்கியாச்சு.”

“ஊர் இல்லைடா. குரூப்,” என்றாள் மா.

“இப்பவே அழி அதை.”

“எல்லாரும் கேட்டாச்சு. இனிமே அழிச்சு என்ன?”

என் பக்கம் திரும்பினான். “நீ எதுக்கு அம்மாகிட்ட சொன்னே? நமக்குள்ள இருக்க வேண்டிய விஷயம்.”

நமக்குள்ள. இன்னும் ஒரு இட்லி போட்டுக்கொண்டேன்.

மா.தான் பேசினாள். “அவளைக் கேக்காதே. ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது அந்த டாக்டர் முகத்தை நீ பாத்திருக்கியா? நாளைக்கு ஆபீசுக்கு லீவு போடு. நீ போய்ப் பாரு.”

“தனியாவா?”

“ஏன், அவ தனியா போகலையா?”

மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். மா. இரண்டு முறை கதவைத் தட்டிக் கூப்பிட்டாள், கெஞ்சலாக இல்லை. நான் ரவிக்கை வாங்கப் போனேன். கை இறுக்கம், பிரிக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தால் ஹாலில் நின்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. காலர் மடிப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தான். பிறகு நிமிராமலே, “அந்த கிளினிக் அடையாறுல எந்தத் தெரு?” என்று கேட்டான்.

சொன்னேன்.