கேசட்டுக்கு ஒன்ஸ் மோர் தெரியாது

காலையில் பழைய மைக் பெட்டியைத் திறந்தேன். சித்தரத்தை வாடை. நீ போய் இத்தனை வருடம் ஆகியும் அது எப்படியடா போகாமல் இருக்கிறது? அதை வாயில் அதக்கிக்கொண்டு பாடாதே என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாகல் நகர் மாடியில் எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி நான் ஸ்டுடியோ திறந்தபோது நம் ஆர்க்கெஸ்ட்ராவே சிரித்தது. பகலில் ரெக்கார்டிங், சாயங்காலமானால் கச்சேரி வேன். ஒருத்தனுக்கு ரெண்டு பிழைப்பு ஆகுமா என்று வீட்டிலும் கேட்டார்கள். நீ மட்டும், "பாடுறதுக்கு நானு, பிடிக்கிறதுக்கு நீயி. வேறென்ன மாப்ள வேணும்?" என்றாய்.

பிடிக்கத்தான் செய்தேன். மேடையில் உன் பின்னால் கீபோர்டு வாசிக்கும்போது ட்ரம்ஸ் சத்தத்தில் தெரியாத ஒன்று ஸ்டுடியோ ஹெட்போனில் கேட்டது. குரல் கீழே இறங்கும் இடத்தில் மெல்லிய கீறல். டேப் கோளாறாக இருக்க வேண்டுமே என்று கேசட்டை மாற்றினேன், வயரை மாற்றினேன், ரெக்கார்டர் ஹெட்டைத் துடைத்தேன். கீறல் அப்படியே இருந்தது.

"டாக்டர்ட்ட போவோம், வா" என்றேன்.

"சீசன் முடியட்டும்டா, வாரேன்" என்றாய். அதற்குள் கீறல் வாரத்துக்கு வாரம் மேலே ஏறியது.

குஜிலியம்பாறைப் பக்கம் திருவிழாக் கச்சேரி அன்று உனக்கு வெறும் காற்றுத்தான் வந்தது. ஒப்புக்கொண்ட கச்சேரி, விட முடியாது. நல்ல குரலில் முன்பே பிடித்துவைத்த பாட்டைக் கீபோர்டுக்கு அடியில் கேசட் டெக்கில் போட்டேன், நீ வாயசைத்தாய். கண்டுபிடித்தால் செருப்பு பறக்கும். வியர்வையில் விரல் வழுக்கியது. பாட்டு முடிந்து கைதட்டினார்கள். அப்பாடா என்றேன். உடனே கூட்டம் கத்தியது: "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

மேடையிலேயே வளர்ந்த நாம் இரண்டு மடையர்களும் இதை யோசிக்கவே இல்லை. ரீவைண்டை அமுக்கினேன். கேசட் ஓடுகிறது, விசில் கூடுகிறது. நீ மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்தாய்.

"அது கேசட்டுங்க. தொண்டை போச்சு. எம்புட்டு வருதோ அம்புட்டுப் பாடுறேன்."

பாடினாய். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எனக்குத்தான் வாசிக்க வரவில்லை. ஹெட்போனுக்குள் இருந்தவரை அந்தக் கீறல் பொய்யாகவும் இருக்கலாம். இப்போது ஊரே கேட்டுவிட்டதே என்று பயந்து செத்தேன்.

மறுநாள் மதுரைக்குப் போனோம். புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்தார்கள். அடுத்த சித்திரையை நீ பார்க்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. தொழில் நடக்கிறது, கச்சேரிக்கும் போகிறேன். ஆனால் யார் மைக் முன்னால் நின்றாலும் என் காது பாட்டுக்குப் போவதில்லை. முதலில் குரலின் அடியில் போய்த் தேடுகிறது. சின்னப் பிள்ளைகள் பாடினால்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பாவி, இதைத்தான் எனக்கு விட்டுப்போனாய்.

போன வாரம் உன் மகள் பாட வந்தாள். நிற்பதும் தலையைச் சாய்ப்பதும் உன்னைப் போலவே. பாடி முடித்து வெளியே வந்து, "எப்டி இருந்துச்சு மாமா?" என்றாள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

காதில் ஹெட்போன் இருந்தது. அவள் பாட வாயைத் திறக்கும் முன்பே வயரைப் பிடுங்கிவிட்டிருந்தேன்.