கேதாரின் குகைத் தண்ணீர் போகும் வழி

பேக்னாஸ், மங்சிர் மாதம் 14

அன்பு மகள் ரமிலாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் எருமையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், லிஸ்பன் குளிரில் நீயும் அப்படியே இருக்க விந்தியவாசினித் தாயை வேண்டுகிறோம். மேலே ஊர்ப்பெயர் மாறியிருப்பதைப் பார்த்துப் பதறாதே, காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் மழை வெயில் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். மாடியில் நான்கு அறை எழுப்பி, மச்சாபுச்ரே பனிமலையைப் பார்க்க ஜன்னல் வைத்து, சுற்றுலாக்காரர்களைத் தங்கவைத்துக்கொண்டு நீ ஊரோடு வந்துவிடலாம் என்று போட்ட திட்டத்தில், தூணுக்குக் குழி தோண்ட நல்ல நாள் பார்க்கிறேன் என்று மூன்று மாதமாக நான் சொன்னது பொய். நான் நாள் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டுக்கு மேலே என் சித்தப்பா மகன் கேதாரின் வயல் இருக்கிறதல்லவா, மழை முடிகிற சமயத்தில் அதன் நடுவே நிலம் உள்வாங்கிப் பெரிய பள்ளம் விழுந்தது. கீழே ஒரு கூடம், அதில் பால் போல வெள்ளைத் தண்ணீர். வேறு யாராவது இருந்தால் அழுதிருப்பார்கள், கேதார் இரும்பு ஏணி இறக்கி, கலர் விளக்குப் போட்டு, பாற்குளக் குகை என்று பலகை வைத்துவிட்டான். சாராங்கோட் குன்றில் சூரியோதயம் பார்த்துவிட்டு, விந்தியவாசினி கோயிலும் மகேந்திர குகையும் முடித்து வருகிற பேருந்துகள் எல்லாம் இப்போது அங்கேதான் நிற்கின்றன. ஏதோ முனிவர் அங்கே ஆயிரம் வருடம் தவம் செய்தாராம். போன வருடம் அதே இடத்தில் நாற்று நட்டது கேதாரின் மனைவி.

எனக்குச் சந்தேகம் வந்தது முனிவரைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. குளத்துக்குள் மேலிருந்து நீர் வந்துகொண்டே இருக்கிறது, மட்டம் ஏறவில்லை. அப்படியானால் எங்கோ போகிறது. சமையலறைக்குப் பின்னால் ஊற்றுநீர் கொட்டுகிற, நாம் குடிக்கிற கல்தாரை சில நாள் மாலையில் கலங்கி வந்தது. பத்தொன்பது நாள் குறித்து வைத்தேன். கூட்டம் அதிகம் வருகிற சனிக்கிழமைகளில்தான் அதிகம் கலங்கியது. எருமைக் கொட்டிலில் ஒரு விரிசல், அதன் நீளத்தையும் அளந்தேன். உன் அம்மா, "எருமை தும்மினாக்கூட நோட்டுல எழுதுறீங்க. அவன் சம்பாதிக்கிறது வயித்தெரிச்சலா இருக்குன்னு நேரா சொல்லிடுங்களேன்" என்றாள். அதையும் யோசித்தேன். வரப்புத் தகராறில் கேதாரோடு ஆறு வருடம் பேசாமல் இருந்தவன் நான். முப்பது வருடம் புவியியல் கற்பித்தவனுக்கு நிலத்தின் மேல் வருவது சந்தேகமா, பங்காளியின் மேல் வருவது பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எனவே சோதித்துப் பார்த்தேன். ஹோலிக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புச் சாயப்பொடியில் மூன்று பொட்டலத்தை ஒரு பிளாஸ்கில் கரைத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, புதன்கிழமை காலை சீட்டு வாங்கிக் குகைக்குள் இறங்கினேன். கேதார் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, கடைசியில நீங்களும் என் கஸ்டமர் ஆயிட்டீங்க! தலையைக் குனிஞ்சுக்குங்க, ரொம்பப் படிச்ச தலை, இடிச்சா ஊருக்கே நஷ்டம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் புகைப்படம் எடுக்கிற நேரத்தில் ஒரு மூலையில் ஊற்றிவிட்டு வந்தேன். அவசரத்தில் சட்டையெல்லாம் சிவப்பு.

நான்கு மணி நேரம் பத்து நிமிடம் கழித்து, கீரை அலசிக்கொண்டிருந்த உன் அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. நம் தாரையில் சிவப்பாகத் தண்ணீர் கொட்டுகிறது. எனக்கு விடை கிடைத்துவிட்டது, குகைத் தண்ணீர் நம் வீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டம்மா சாமந்தி மாலை போட்டுவிட்டாள், இன்னொருத்தி ஊதுவத்தி ஏற்றிவிட்டாள், தேவி வந்துவிட்டாள் என்று ஒரே அழுகை. கேதார் ஓடிவந்து என் கையைப் பிடித்து, "அண்ணா, மேல பாலு, கீழ ரத்தம்! ரெண்டும் நம்ம குடும்பத்துக்கே வந்திருக்கு, வாசலை மட்டும் திறந்து விடுங்க" என்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு அவன் என்னைக் கட்டிக்கொண்டதும் வாசலைத் திறந்துவிட்டேன். சாயம் என்னுடையது என்பதை இரண்டு நாள் மறைத்தேன் மகளே, அது என் தப்பு.

சனிக்கிழமை நான்கு பேருந்துகள் வந்தன. நம் முற்றத்தில் அறுபது பேருக்குக் குறையாமல், கைக்குழந்தைகளோடு, சரியாக அந்த ஓட்டத்துக்கு மேலே நின்று கை தட்டிப் பாடினார்கள். எனக்குக் காலுக்குக் கீழே நிலம் அதிர்வது போலத் தெரிந்தது, அது என் பயமாகவும் இருக்கலாம். தட்டுத்தடுமாறி ஒரு முக்காலியில் ஏறி, இது தேவி இல்லை, நான் போட்ட ஹோலிச் சாயம் என்றேன். வழிகாட்டி ஒருவன், "தாத்தா சூப்பரா ஜோக்கடிக்கிறாரு, எல்லாரும் தாத்தா கூட ஒரு போட்டோ எடுத்துக்குங்க" என்றான். வேறு வழியில்லாமல் உள்ளே போய்க் கடைசிப் பொட்டலத்தை எடுத்துவந்து அவர்கள் முன்னாலேயே பித்தளைக் குடத்தில் கரைத்து, புதனன்று தாரையில் பிடித்துப் பூஜைக்கு வைத்திருந்த சிவப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரே நிறம். பாட்டு நின்றது. மாலை போட்ட அம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் மாலையைக் கழற்றினாள்.

நான் நோட்டோடு போய்ச் சொன்னதன் பேரில் திங்களன்று நகராட்சிப் பொறியாளர் வந்து முற்றத்தில் கடப்பாரையை இறக்கினார். இரண்டு முழத்துக்குப் பிறகு அது தடையே இல்லாமல் உள்ளே போய்க் கையை விட்டு மறைந்தது, விழுந்த சத்தம் சற்று நேரம் கழித்துத்தான் கேட்டது. குகையை மூடினார்கள். நம் வீடு, கேதார் வீடு, இன்னும் மூன்று வீடு காலி செய்தாயிற்று. உன் அம்மா கிளம்புமுன் தாரையைக் கழுவிவிட்டு வந்தாள். இப்போது பேக்னாஸில் உன் மாமா வீட்டில் இருக்கிறோம். இங்கேயும் வந்த அன்றே தரையைத் தட்டிப் பார்த்தேன், மாமா சிரிக்கிறார்.

கேதாரின் மகன் அங்கே லிஸ்பனில்தானே இருக்கிறான். பொறாமையில் தன் அப்பன் பிழைப்பைக் கெடுத்தவன் நான் என்று அவன் சொல்வான், சண்டைக்குப் போகாதே. அதில் ஒரு பங்கு உண்மை இருக்கலாம், எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் நான் எந்த மனதோடு ஊற்றியிருந்தாலும் தண்ணீர் அந்த வழியில்தான் போயிருக்கும். உன் நான்கு அறைகளுக்கும் நான் பதில் சொல்ல முடியாது. கோபம் வந்தால் அடக்காமல் எழுது, மௌனமாக மட்டும் இருந்துவிடாதே.

கம்பளி போடாமல் வேலைக்குப் போகாதே, இரவில் சோறு வடித்துச் சாப்பிடு. நீண்ட ஆயுளும் நல்ல துணையும் உனக்கு அமையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எப்போது வந்தாலும் விமானத்திலிருந்து இறங்கியதும் பழக்கத்தில் வண்டிக்காரனிடம் பழைய வீட்டு விலாசத்தைச் சொல்லிவிடாதே. கதவு பூட்டாமல்தான் கிடக்கிறது, ஆனாலும் முற்றத்தில் கால் வைக்காதே. நேரே பேக்னாஸுக்கு வா, பேருந்து நிற்கும் இடத்தில் நான் நிற்பேன்.

உன் அப்பா,
ஹேமராஜ் பராஜுலி