கொல்லைக் கதவை நோக்கி வந்த காசுகள்

1996 ஜூலை 6

குரு அண்ணா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கருவியை இன்றுதான் பிரித்தேன். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் 'பீப்' என்று கத்துகிறது. சின்ன வயதிலிருந்து நான் பழைய காசு சேர்ப்பதால் எனக்காக வாங்கினானாம். இவருக்கு பம்பாய் மாற்றல். அடையாற்றில் இவ்வளவு பெரிய தோட்ட வீட்டில், ஸ்கூலில் பாடம் எடுத்துவிட்டு வந்து தனியாக என்னதான் செய்வது?

ஆற்றோரச் சுவருக்குப் பக்கத்தில் முதல் சத்தம். விக்டோரியா கால் அணா, 1862.

ஜூலை 14

லாடம், துருப்பிடித்த ஆணிகள். மாட்டுத் தொழுவமும் வயலுமாக இருந்த காலத்து மிச்சம். மாமரத்தடியில் 1901. தொட்டியருகே 1917. ஒவ்வொரு காசின் மேலும் ஓர் ஓட்டுத் துண்டு மூடியிருக்கிறது. கை தவறி விழுந்தவை இல்லை.

ஜூலை 21

கிடைத்த இடப்படி பேப்பரில் அடுக்கினேன். ஓட்டைக் காலணா 1943, நயா பைசா 1957, ஐந்து பைசா 1972... வருஷமும் வரிசையாகவே இருக்கிறது. ஆற்றிலிருந்து நேராக எங்கள் கொல்லைக் கதவைப் பார்த்து வருகிறது.

'வருகிறது' என்று ஏன் எழுதினேன்?

ஜூலை 22

கொல்லைப் படியின் கீழே 1995 ரூபாய். மண் இன்னும் இறுகவில்லை.

ஜூலை 23

மிஞ்சியிருக்கும் பழைய தொழுவத்தில் குடியிருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தம்மாவைக் கேட்டேன்.

"ஆடி அமாசைக்கு ஒண்ணு வைப்பேன்மா. எங்க மாமியா வச்சிகினு இருந்துச்சு. அது போனப்புறம் நானு."

"எதுக்கு?"

"அது வருசா வருசம் கொஞ்சம் முன்னால வந்து நிக்குதில்ல, அந்த எடத்துல. காசு கீதுன்னா தாண்டாது."

"எது?"

"எனக்கு இன்னா தெரியும்? கண்ணால பாத்ததில்ல." என் கையையே பார்த்தாள். "எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாம்மா?"

ஜூலை 25

திரும்பப் புதைக்கப் போனேன். குழிகளெல்லாம் மழையில் தூர்ந்து கிடக்கின்றன. பேப்பரில் வரிசை இருக்கிறது; தோட்டத்தில் எது எந்த இடம் என்றுதான் தெரியவில்லை.

போனில் இவர்: "தனியா இருந்துண்டு கண்டதையும் நெனைச்சுக்காதே, நீரஜா."

ஆகஸ்ட் 3

கோவிந்தம்மா பாலவாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அமாவாசைக்கு வருவியா என்றேன். மூட்டையைக் கட்டினாள்.

ஆகஸ்ட் 14

இன்று ஆடி அமாவாசை. கோவிந்தம்மா வரவில்லை.

ஆகஸ்ட் 15

அடுக்களையில் அடுப்புக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே ஓர் இடம். காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் போயிருக்கிறேன். மத்தியானம்தான் உறைத்தது. அங்கே ஒன்றும் இல்லை. ஒண்ணுமே இல்லைடி, நன்னா பாரு — ஆனா கால் அங்க போக மாட்டேங்கறதே.

ஆகஸ்ட் 16

தரைக்கல்லை நானே பெயர்த்தேன். புது ரூபாய் ஒன்றை வைத்து, மேலே ஓட்டுத் துண்டு போட்டு மூடினேன். இப்போது அந்த இடத்தில் நிற்க முடிகிறது. கருவியை அண்ணாவிடமே கொடுத்துவிட வேண்டும்.

1997 ஆகஸ்ட் 3

இவர் சென்னைக்கே மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகிறது. இவரிடம் எதையும் சொல்லவில்லை.

இன்று ஆடி அமாவாசை. காலையில் பேப்பரும் கையுமாகக் கூடத்தைக் கடந்தார். நடுவில் சட்டென்று விலகி, எதையோ சுற்றிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் சுத்திண்டு போறேள்?"

"எங்க சுத்தினேன்?" என்றார், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

உள்ளே போய்க் கைப்பையைக் கொட்டி, இந்த வருஷத்து ரூபாய் இருக்கிறதா என்று தேடினேன்.

"என்ன தேடறே?"

"காய்காரிக்குச் சில்லறை" என்றேன்.